விலையில்லா மென்பொருளைப் பெருநிறுவனம் எதை நம்பி வாங்குகிறது?

திறமூல உள்ளடக்க மேலாண்மை மென்பொருளை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், எத்தனை இணையதளங்களுக்கும் பயன்படுத்தலாம். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனாலும் ஓர் அமைச்சகமோ வங்கியோ பல்கலைக்கழகமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், யாராவது அவர்கள் முன் போய் உட்கார்ந்து பேசியாக வேண்டும். யார் போவது? எதைச் சொல்வது? கால் நூற்றாண்டாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை, ட்ரூபல் மென்பொருளை நடுவில் வைத்தும் வேர்ட்பிரஸ், பிளோன், டைப்போ3 ஆகியவற்றோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வி பிறந்த இடம்

1990களின் இறுதியில் பெரிய இணையதளங்களுக்கான மென்பொருள் சந்தை விக்னெட், இன்டர்வோவன், டாக்குமென்டம் போன்ற நிறுவனங்களின் கையில் இருந்தது. அதே காலத்தில், 1998 ஜனவரியில், நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைத் திறக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிய சிலர், ரிச்சர்ட் ஸ்டால்மன் வளர்த்தெடுத்த சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் அறம் சார்ந்த பேச்சுக்குப் பதிலாக, வணிக நிறுவனங்களின் காதில் விழும்படியான ஒரு மொழியைத் தேடினார்கள். திறமூலம் என்ற பெயர் அங்கே பிறந்தது. பெருநிறுவனங்களை ஈர்ப்பது இந்த இயக்கத்துக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட வேலையன்று என்பதை இது காட்டுகிறது.

ட்ரீஸ் பைட்டார்ட் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய ட்ரூபல், 2001 ஜனவரி 15 அன்று வெளிவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த காஸ்பர் ஸ்கோர்ஹோய் தொடங்கிய டைப்போ3, பைத்தான் மொழியில் அமைந்த பிளோன், 2003இல் வேர்ட்பிரஸ் என மற்றவையும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வந்தன. எதிரணியிலோ நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்தன. 2009இல் விக்னெட்டை ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது, இன்டர்வோவனை ஆட்டோனமி வாங்கியது. சுவிட்சர்லாந்தின் டே சாஃப்ட்வேர் 2010இல் அடோபியிடம் போனது.

இந்த நிறுவனங்களுக்கு விற்பனைப் படை இருந்தது. அந்தப் படைக்கான சம்பளம் உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது. உரிமக் கட்டணமே இல்லாத மென்பொருளுக்கு அந்தப் படையை யார் பராமரிப்பது? பின்வரும் வாதங்கள் அனைத்துக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

செலவு என்னும் முதல் வாதம்

முதலில் சொல்லப்பட்டது எளிமையானது: உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். சிறிய நிறுவனங்களிடம் இது உடனே எடுபட்டது. பெரிய இடங்களில் அவ்வளவாக எடுபடவில்லை. ஒரு பெரிய தளத்தைக் கட்டும் செலவில் உரிமம் ஓர் இனம் மட்டுமே. வடிவமைப்பு, பழைய உள்ளடக்கத்தை இடம்பெயர்த்தல், பிற மென்பொருள்களோடு இணைத்தல், ஊழியர் பயிற்சி, ஹோஸ்டிங், ஆண்டுப் பராமரிப்பு ஆகிய மற்ற இனங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும், பழுதானால் யார் வருவார் என்ற எதிர்க்கேள்விதான் கொள்முதல் அதிகாரியிடமிருந்து வரும்.

இருந்தாலும் இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு தளம் மட்டும் உள்ள நிறுவனத்துக்கு மிச்சம் சொற்பமாக இருக்கலாம். துறைக்கு ஒன்று, ஆய்வு மையத்துக்கு ஒன்று என நூற்றுக்கணக்கில் தளங்களை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு, சர்வர் கணக்கிலோ பயனர் கணக்கிலோ உரிமம் கட்டுவதில்லை என்பது பெரிய விடுதலை. எண்ணிக்கை பெருகப் பெருகத்தான் செலவு வாதத்துக்கு வலு ஏறுகிறது என்று சொல்லலாம். பல பிரசுரங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டாமல் எல்லோரிடமும் ஒரே வாக்குறுதியை நீட்டியதால்தான் அது தேய்ந்துபோனது.

கட்டுண்டு போகாமை

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. தனியுடைமை மென்பொருளை வாங்கியவர் விற்றவரின் பிடியில் இருக்கிறார். விலை ஏறினாலும், தயாரிப்பு கைவிடப்பட்டாலும், நிறுவனம் கைமாறினாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. மூலநிரல் கையில் இருந்தால் வேறு பராமரிப்பாளரைத் தேடிக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் உண்டு. அந்நாட்டு நிதித் துறை அரசு அலுவலகங்களுக்காக ட்ரூபலைக் கொண்டு ‘கவ்சிஎம்எஸ்’ என்னும் பொதுத் தளத்தை 2015இல் தொடங்கியது. முதலில் அதை இயக்கும் பொறுப்பு, பைட்டார்ட் இணைந்து நிறுவிய அக்வியா நிறுவனத்திடம் இருந்தது. பின்னர் மறு ஒப்பந்தத்தில் சால்ஸா டிஜிட்டல், அமேஸீ ஆகியவற்றின் கூட்டுக்கு அது மாறியது. இயக்குபவர் மாறினாலும் மென்பொருள் மாறவில்லை. மேடைகளில் வாக்குறுதியாகப் பேசப்பட்டது இங்கே ஒப்பந்தமாகவே நிறைவேறியது.

ஆனால் ட்ரூபலின் சொந்த வரலாறே இதற்கு எதிர்ச்சான்றும் தருகிறது. 2015 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு, சிம்ஃபனி என்னும் பிஎச்பி கட்டமைப்பின் கூறுகளை ஏற்று உள்ளுக்குள் பெருமளவு மாற்றி எழுதப்பட்டிருந்தது. பொறியியல் நோக்கில் அது தேவையான மாற்றம்தான். ஏழாம் பதிப்பில் தளம் வைத்திருந்தவர்களுக்கோ அது மேம்படுத்தலாக இல்லை. சொந்தமாக எழுதிய மாட்யூல்களையும் தோற்ற வார்ப்புகளையும் திரும்ப எழுத வேண்டியிருந்ததால் தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு நிகரான வேலையாக அது ஆனது. பெரும் எண்ணிக்கையிலான தளங்கள் ஏழிலேயே தங்கிவிட்டன. 2021 நவம்பரில் முடிய வேண்டிய ஆதரவு ஓராண்டு, பிறகு இன்னோர் ஆண்டு எனத் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஏழாம் பதிப்பு வெளிவந்த நாள் 2011 ஜனவரி 5. பதினான்கு ஆண்டுகள்!

விற்பவரிடம் கட்டுண்டு போகாத நிறுவனமும் தன் பழைய வடிவமைப்பிடம் கட்டுண்டு போகலாம் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். ட்ரூபல் இயக்குநர்கள் இதை உணர்ந்ததாகவே தெரிகிறது. எட்டுக்குப் பிந்தைய பதிப்புகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் பாதையைப் படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு பதிப்புகளும் வருகின்றன. ஆயினும் 7இலிருந்து 8க்கு மாற இரண்டாம் முறை பணம் கட்டிய வாடிக்கையாளரின் நினைவை எந்தப் பிரசுரத்தாலும் அழிக்க முடியாது. வேர்ட்பிரஸ் பெரிய இடங்களில் பெற்ற இடத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். பழைய நிரல் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும் என்பதில் அது ஆரம்பம் முதல் பிடிவாதமாக இருந்துவருகிறது.

பெரிய பெயர்களைக் காட்டுதல்

2009 அக்டோபரில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையதளம் ட்ரூபலுக்கு மாறியது. அதன்பின் பல ஆண்டுகள் ட்ரூபல் பற்றிய எந்த விற்பனை உரையிலும் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்தான். அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகை தான் எழுதிய சில மாட்யூல்களைப் பொதுவில் வெளியிட்டதும், பின்னர் மனு அளிக்கும் தளத்தின் நிரலைத் திறந்ததும் இன்னும் மதிப்பு வாய்ந்தவை. வாடிக்கையாளரே பங்களிப்பாளரும் ஆனார்.

2017 டிசம்பரில் அதே தளம் வேர்ட்பிரஸுக்குப் போனது. 2023இல் நாசாவின் முதன்மைத் தளமும் ட்ரூபலிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறியது. தரம் பற்றி இவை எதையும் நிரூபிப்பதில்லை. நிர்வாகம் மாறும்போது கருவியும் மாறுவது வழக்கம். பெயரைக் காட்டி வாங்கிய நம்பிக்கை பெயரோடு போய்விடும் என்பது மட்டும் உறுதி. எந்தத் தளம் என்பதைவிட என்ன சிக்கல் தீர்ந்தது, எத்தனை மொழிகள், எத்தனை ஆசிரியர்கள், எவ்வளவு நெரிசலைத் தாங்கியது என்று விவரிக்கும் ஆவணங்களே நீண்ட நாள் நிற்கின்றன. அத்தகையவை இன்றும் குறைவு.

ஏழு மணி நேரம்

பெருநிறுவனங்களின் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது பாதுகாப்புதான். பல கண்கள் பார்ப்பதால் பிழைகள் ஒளிய முடியாது என்பது திறமூலத்தின் பழைய வாதம். 2014 அக்டோபர் 15 அந்த வாதத்தைச் சோதித்தது.

அன்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு 7.32 பதிப்பை வெளியிட்டது. தரவுத்தளத்துக்குக் கேள்வி அனுப்பும் பகுதியில், வெளியிலிருந்து வரும் பட்டியலின் உறுப்புப் பெயர்களைச் சரிபார்க்காமல் எஸ்க்யூஎல் கட்டளைக்குள் சேர்க்கும் பிழை இருந்தது. பயனர் கணக்கே இல்லாத ஒருவர் தளத்தை முழுமையாகக் கைப்பற்ற அது போதும். திருத்தம் என்னவோ ஒரே வரிதான்: பட்டியலின் பெயர்களை உதறிவிட்டு மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு வரி, எங்கே ஓட்டை இருந்தது என்பதைத் தாக்குபவர்களுக்கும் காட்டிக்கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, பாதுகாப்புக் குழு இன்னோர் அறிவிப்பை வெளியிட்டது. முதல் அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதிச் செயல்படுங்கள் என்றது அது.

மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் குழு வாரத்துக்கு ஒருமுறை கூடும் அமைச்சகத்துக்கு 7 மணி நேரம் என்றால் என்ன பொருள்? பேட்ச் போட வேண்டிய ஆளுக்கே அந்நேரத்தில் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது.

இன்னொரு விவரமும் கவனிக்கத்தக்கது. ஏழாம் பதிப்பு வெளிவந்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. பிழையைக் கண்டது ஜெர்மனியின் செக்‌ஷன்ஐன்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம். அதுவும் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த தணிக்கையின்போது. திறந்திருப்பது, பார்க்க வாய்ப்புத் தருகிறது. பார்க்கும் வேலைக்கு யாரோ ஒருவர் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2018இல் இதே அளவு தீவிரமான வேறொரு பிழை வெளிப்பட்டபோது குழு நடந்துகொண்ட விதம் வேறு. திருத்தம் மார்ச் 28 அன்று இன்ன நேரத்துக்குள் வரும், ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரம் முன்பே அறிவித்தார்கள். ஆதரவுக் காலம் முடிந்துபோன 8.3, 8.4 பதிப்புகளுக்கும் திருத்தம் தந்தார்கள். தாக்குதலுக்கான நிரல் பொதுவில் பரவுவதற்குள் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கிடைத்தது. பிழையே வராது என்ற பொய்யைவிட, பிழை வந்தால் இன்ன முறைப்படி இயங்குவோம் என்று காட்டும் இந்தப் பதிவேடு பெருநிறுவனத்திடம் நிற்கக்கூடிய வாதம் என்று தோன்றுகிறது. அதை விற்பனைக் கருவியாகக் கையாண்டவர்கள் வியப்பளிக்கும் அளவுக்குக் குறைவு.

பிளோனின் அனுபவம் மறுகோணம். அமெரிக்காவின் எஃப்பிஐ போன்ற அமைப்புகள் பயன்படுத்திய மென்பொருள் என்ற பெருமை அதற்கு உண்டு. 2017 ஜனவரியில் எஃப்பிஐ தளத்தை பிளோன் ஓட்டை வழியாக உடைத்துவிட்டதாக ஒருவர் அறிவித்தார். அது புனைவு என்று பிளோன் பாதுகாப்புக் குழு விவரங்களோடு மறுத்தது. பாதுகாப்பில் நல்ல பெயர் இருந்தும் பிளோனின் சந்தை விரிவடையவில்லை. பாதுகாப்பு மட்டும் விற்றுத்தராது என்பதற்கு இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுவது யார்?

இந்தியாவின் அரசு ஒப்பந்தப்புள்ளிகள் பலவற்றில் மூல உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதத்தை இணைக்கச் சொல்லும் நிபந்தனை இருக்கும். ஏலதாரர் அந்த மென்பொருளை விற்கவும் பராமரிக்கவும் உரிமை பெற்றவர் என்று தயாரிப்பாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கூடவே கடந்த மூன்றாண்டு வணிகத் தொகை, புகார் யாரிடமிருந்து யாருக்கு மேலே போகும் என்ற அட்டவணை. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய மென்பொருளுக்கு உற்பத்தியாளர் யார்? கையெழுத்துப் போட ஆளில்லாமல் தகுதியான விண்ணப்பம் முதல் சுற்றிலேயே விழுந்துவிடக்கூடும். மின்னாளுமைத் திட்டங்களில் திறமூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும் என்று இந்திய அரசு 2015இல் கொள்கை வகுத்தது. கொள்கை மாறிய வேகத்தில் படிவங்கள் மாறவில்லை.

ஆய்வு நிறுவனங்களின் தரவரிசையிலும் இதே சிக்கல். கார்ட்னர் போன்றவை விற்பனையாளர்களை மதிப்பிடுகின்றன; அதற்கு வருவாய்க் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் வேண்டும். சமூகத் திட்டம் ஒன்றை அந்தக் கட்டத்துக்குள் வைக்க இடமில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 2007இல் அக்வியா தொடங்கப்பட்டது. லினக்ஸுக்கு ரெட் ஹேட் எப்படியோ அப்படி ட்ரூபலுக்கு ஒரு நிறுவனம் என்பதே பைட்டார்ட் முன்வைத்த ஒப்புமை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட, நள்ளிரவில் தொலைபேசியை எடுக்க, தரவரிசையில் இடம்பெற ஒரு பெயர் கிடைத்தது. வேர்ட்பிரஸுக்கு ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் விஐபி சேவை இதே வேலையைச் செய்தது. இதுவரை பார்த்த பதில்களில் பெருநிறுவனங்களிடம் அதிகம் பலித்தது இதுதான் என்பது என் கணிப்பு.

பலித்ததற்கு ஒரு விலையும் உண்டு. பேசும் நிறுவனம் வளர வளர, மென்பொருளும் நிறுவனமும் ஒன்றெனத் தோன்றத் தொடங்குகின்றன. ட்ரூபலின் வர்த்தகப் பெயர் பைட்டார்ட் பெயரில் இருக்கிறது. வேர்ட்பிரஸின் வர்த்தகப் பெயர் 2010இல் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. வணிகப் பயன்பாட்டு உரிமை ஆட்டோமாட்டிக்கிடம் இருந்தது. 2024 செப்டம்பரில் ஆட்டோமாட்டிக் தலைவர் மேட் மல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் வெடித்த சண்டையில், அந்நிறுவனம் வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து தடுக்கப்பட்டது; அதன் புகழ்பெற்ற ப்ளக்-இன் ஒன்றின் இடம் வேறு பெயரில் எடுத்துக்கொள்ளப்பட்டது. டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து முந்தைய நிலையை மீட்கச் சொன்னது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். யாருக்கும் சொந்தமில்லை என்று நம்பி வாங்கிய மென்பொருளின் விநியோகக் குழாய் ஒருவர் கையில் இருந்ததை வாடிக்கையாளர்கள் அன்று கண்டார்கள்.

பொதுச்சொத்துக்கு யார் விளம்பரம் செய்வது?

ட்ரூபலைப் பற்றி ஒரு நிறுவனம் பணம் செலவழித்து நல்ல பெயர் உண்டாக்கினால், பலன் அதன் போட்டியாளர்களுக்கும் போகும். ஆகவே ஒவ்வொருவரும் தன் பெயரை மட்டும் விளம்பரம் செய்கிறார்கள். பொதுப் பெயரை அடோபிக்கு எதிராக நிறுத்த ஆளில்லை. 2019இல் பைட்டார்ட் ஆக்குபவர், எடுப்பவர் என்று இதைப் பிரித்து எழுதினார். பொதுவளங்கள் குறித்த எலினார் ஆஸ்ட்ரமின் ஆய்வுகளையும் துணைக்கு அழைத்தார். ட்ரூபல் சங்கம் கண்ட வழி, பங்களிப்பு மதிப்பெண்: நிரல், மொழிபெயர்ப்பு, நிகழ்ச்சி ஏற்பாடு என்று செய்த வேலைக்கு மதிப்பெண் தந்து, சேவை நிறுவனங்களின் பட்டியலில் அதிகம் பங்களித்தவரை மேலே காட்டுவது. வாங்க வருபவரின் கண்ணில் முதலில் படுவதே பரிசு என்பதால், பங்களிப்பும் விற்பனையும் ஒரே இழையில் கோக்கப்பட்டன. இந்தத் துறையில் தோன்றிய யோசனைகளில் இது மிகுந்த பாராட்டுக்குரியது. மதிப்பெண்ணுக்காகவே சிறுசிறு மாற்றங்களைக் குவிக்கும் ஆசையையும் அது தூண்டுகிறது என்பதும் உண்மை.

டைப்போ3 வேறு பாதை எடுத்தது. 2016இல் டுசல்டார்ஃபில் தொடங்கிய டைப்போ3 நிறுவனத்தின் உரிமையாளர் டைப்போ3 சங்கமே. ஆதரவுக் காலம் முடிந்த பதிப்புகளுக்குக் கட்டணப் பராமரிப்பை அந்நிறுவனம் விற்கிறது. கையெழுத்துப் போட ஆள் உண்டு. அந்த ஆள் சமூகத்துக்குக் கட்டுப்பட்டவர். ஜெர்மன் பேசும் நாடுகளில் இது வேரூன்றியிருக்கிறது. வெளியே அதே அளவு பரவவில்லை என்பதால், வெற்றிக்குக் காரணம் அமைப்பு முறையா, அங்குள்ள சேவை நிறுவனங்களின் நெருக்கமான வலையா என்று பிரித்துச் சொல்வது கடினம். பிளோன் அறக்கட்டளை நிரலின் காப்புரிமையையே தன்னிடம் வைத்திருக்கிறது. உடைமைத் தெளிவில் அதுவே முன்மாதிரி. ஆனால் அதன் சார்பில் உலகெங்கும் சந்தையில் நின்று பேசும் பெரிய நிறுவனம் எதுவும் எழவில்லை.

வாங்குபவர் மாறிவிட்டார்

இவ்வளவு வாதங்களும் தகவல் தொழில்நுட்பத் துறைத் தலைவரை எதிரில் வைத்து உருவானவை. பல பெருநிறுவனங்களில் இன்று முடிவெடுப்பது சந்தைப்படுத்தல் பிரிவு. நிரல் திறந்ததா என்பது அவர்களுக்குப் பின்னால்தான். ஒரு பக்கத்தைத் தாமே இழுத்துப்போட்டுக் கட்ட முடியுமா என்பதே அவர்களின் முதல் கேள்வி. 2024 மே மாதம் அறிவித்து, ட்ரூபலின் இருபத்து நான்காம் பிறந்த நாளான 2025 ஜனவரி 15 அன்று வெளியிடப்பட்ட ‘ட்ரூபல் சிஎம்எஸ்’, நிரலாளர் அல்லாதவர்களை முன்னிறுத்துகிறது. இது காலம் கடந்து வந்த பதிலா என்பதை மதிப்பிட இன்னும் சில ஆண்டுகள் தேவை.

எஞ்சி நிற்பவை

செலவு, சுதந்திரம், பெரிய பெயர், பல கண்கள் ஆகிய நான்கும் உண்மையின் பகுதிகள். தனித்தனியே எதுவும் பெரிய ஒப்பந்தத்தைத் தாங்குவதாகத் தெரியவில்லை. பெருநிறுவனம் வாங்குவது பொறுப்பை. மற்ற வாதங்கள் அந்தப் பொறுப்பு ஏற்கப்பட்ட பிறகே வேலை செய்கின்றன என்று கருத இடமிருக்கிறது. பொறுப்பேற்பவர் உரிமையாளராக மாறாமல் இருப்பது எப்படி என்பதற்கு டைப்போ3 பாதிப் பதில் தந்திருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மறு ஒப்பந்தம் இன்னொரு பகுதியைத் தந்திருக்கிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் இந்த விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதன் முதல் வரைவுகள் தன்னார்வத் திட்டங்களையும் உற்பத்தியாளராகப் பாவிக்கும் அபாயம் இருந்ததால், 2023இல் ட்ரூபல், ஜூம்லா, டைப்போ3, வேர்ட்பிரஸ் ஆகிய போட்டியாளர்கள் நால்வரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டு முறையிட்டனர். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த இறுதிச் சட்டம், அறக்கட்டளைகளுக்கு ‘திறமூலக் காப்பாளர்’ என்ற தனி வகையை உண்டாக்கி, இலகுவான கடமைகளை வைத்திருக்கிறது. தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டுவரும் ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமைக்கு 2026 செப்டம்பர் 11, மற்ற முக்கியக் கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11 என நாள் குறிக்கப்பட்டுள்ளது. கொள்முதல் படிவத்தில் காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுத முதல்முறையாகச் சட்டம் ஒப்பும் ஒரு பெயர் இருக்கும். அந்தக் காப்பாளரின் ஊழியர்களுக்கும் தணிக்கைகளுக்கும் ஆகும் செலவை மென்பொருளை வாங்கும் அமைச்சகம் ஏற்குமா, கட்டிக்கொடுக்கும் நிறுவனம் ஏற்குமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.